கூவைப்பொற்றையில் ஆளில்லை

மூன்று கல்லைக் கூட்டி, சுள்ளி வைத்து, பழைய தகரக் குவளையில் தாரை உருக்கிக்கொண்டிருந்தான் ரசலையன். புகை கண்ணில் ஏறியது. பக்கத்தில் பதினான்கு ஓட்டுச்சில்லுகள் வரிசையாகக் கிடந்தன. தான் வாத்தியாராக இருந்த பள்ளிக்கூடத்தின் கூரையை மாற்றியபோது உடைந்து குவிந்த ஓடுகளிலிருந்து பொறுக்கி, விளிம்பைக் கல்லில் தேய்த்து, ஒவ்வொன்றிலும் கயிறு கோக்க ஒரு துளை போட்டு, சாக்கில் கட்டி முதுகில் சுமந்து கூவைப்பொற்றை என்ற குன்றுக்கு ஏறி வந்திருந்தான். உள்ளங்கை அகலம் ஒவ்வொன்றும். எண் எழுத அது போதும்.

ஜனத்தொகைக் கணக்கெடுப்புக்காக ஊர் முழுக்க வீட்டு எண் போடும் வேலையை அவன் கார்த்திகையிலேயே முடித்துவிட்டான். மஞ்சாடிக்கோணம் தெருவில் ஒன்றிலிருந்து நாற்பத்தாறு வரை, பொற்றைமேல் நாற்பத்தேழிலிருந்து அறுபது வரை. ஆனால் பொற்றையில் இருந்தவை குடிசைகள். மரக்கதவு கிடையாது, ஓலைத் தட்டிதான். தட்டியில் தார் நிற்காது என்பதால் வாசலுக்கு வலப்பக்கம் மண்சுவரில் எழுதினான். தை பிறந்து ஆள் பெயர்களை எழுத வந்து பார்த்தபோது பதின்மூன்று வீட்டில் எண்ணே இல்லை. கிறிஸ்துமசுக்குப் பெண்கள் எல்லாச் சுவர்களையும் செம்மண்ணும் சாணமும் குழைத்துப் புதிதாக மெழுகிவிட்டிருந்தார்கள். ஐம்பத்தைந்து மட்டும் அழியாமல் இருந்தது. அது பூங்கனியின் வீடு. ஐப்பசியில் அவள் புருஷன் இறந்துபோனதால், துக்க வீடென்று அந்த வருஷம் சுவர் மெழுகவில்லை.

“சர்க்கார் போட்ட எண்ணை இப்படி அழிக்கலாமா?” என்று அவன் கேட்டபோது பூங்கனிதான் பதில் சொன்னாள். “வீட்ட விருத்தியாக்காம கரிபுடிச்சுப் போட்டா, பெறக்க வந்த பாலன் திரும்பிப் போயிருமே சாரே. சர்க்காரு பொறவும் வருவாரு, பாலன் வருசத்தில ஒருக்காதான வரும்?” சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவனுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் பிழை தன்னுடையது என்றே அவன் நினைத்தான். மெழுகும் சுவரில் எழுதியது யார்? அன்றிரவே தன் குறிப்பு நோட்டில், ‘சுவர் கூடாது. ஓடு’ என்று எழுதி வைத்தான். அவன் எதையும் எழுதி வைப்பவன். எழுதினால்தான் தான் நினைத்தது தனக்கே நிச்சயமாகும்.

இப்போது ஒவ்வொரு சில்லாக எடுத்து, தென்னை ஈர்க்கின் நுனியை நசுக்கித் தாரில் முக்கி, எண்ணை எழுதி வெயிலில் வைத்தான். பொற்றையின் மூப்பர் ஏசுஅடிமை குந்தி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கொல்லம் தொண்ணூற்று நான்காம் ஆண்டு விஷக்காய்ச்சலின்போது கீழேயுள்ள ஊர்கள் விரட்டிவிட்ட நான்கு குடும்பங்களோடு முதலில் ஏறி வந்தவர் அவர். காட்டை வெட்டி மரச்சீனி நட்டார்கள். பன்னிரண்டு வருஷத்தில் நான்கு குடும்பம் பதினான்கு ஆனது. சரிவின் மேற்கே பதினொரு கல்லறைகளும் உண்டு. வேதக்கோயிலில் அவர்களுக்குப் பின்வரிசைப் பாய்.

“இந்த நம்பரு கெடந்தா எங்கள எறக்கி உட மாட்டாவளா சாரே?”

ரசலையன் அறுபதின் சுழியை வளைத்துக்கொண்டிருந்தான். எழுத்து நன்றாக வந்த சந்தோஷம். “சர்க்காருக்க நம்பராக்கும் மூப்பரே. இதில ஒருத்தரும் கை வைக்கப்படாது” என்றான்.

அதற்குள் பூங்கனி மண்கலயத்தில் தண்ணீர் கொண்டுவந்து, சற்றுத் தள்ளி நின்று, “வெள்ளம் குடிக்கியளா?” என்று கேட்டாள். தாகம் இல்லை என்று சொன்னான். மூன்று மைல் ஏறி வந்து, தார்ப்புகையில் ஒரு மணி நேரம் ஊதியவனுக்குத் தாகம் இல்லை. அவள் வற்புறுத்தவில்லை. கலயத்தை அப்படியே திருப்பிக் கொண்டுபோனாள். இறங்கும்போது, ‘கை வைக்கப்படாது’ என்று தான் சொன்னதை யோசித்தான். கணக்கெடுப்போருக்கான விதிப்புத்தகத்தை இரண்டு முறை படித்திருந்தான். அதில் அப்படி ஒரு விதி இல்லை.

பன்னிரண்டு நாள் கழித்துப் பார்வத்தியக்காரர் பகவதியப்பன் பிள்ளை கூப்பிட்டு அனுப்பினார். அந்தப் பகுதியின் நிலத்தீர்வை, கிராமப் பதிவு எல்லாம் அவர் பொறுப்பு. கணக்கெடுப்புக்கு மேற்பார்வையாளரும் அவர்தான். ரசலையன் கொடுத்திருந்த கணக்குப் புத்தகம் அவர் மேசைமேல் விரிந்திருந்தது. எழுபத்தொரு பெயர்களையும் கறுப்பு மையில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருந்தான். அதைப் பாராட்டத்தான் கூப்பிட்டாரோ என்றுகூட வரும் வழியில் ஒரு நினைப்பு.

“வேய், கூவைப்பொற்றையில ஆளு உண்டா?”

“உண்டு ஐயா. பதினாலு வீடு. எழுபத்தியொரு பேரு.”

“எழுதியிருக்கேரே, அது தெரியுது. ஆளு உண்டான்னுல்லா கேட்டேன்.” வெற்றிலையின் நரம்பைக் கிள்ளினார். “அதெல்லாம் எஸ்டேட்டுக் கூலிக்காரங்க. எஸ்டேட்டு லைனில எழுதிக்கிடுவாங்க. ஒரே ஆளை ரெண்டு எடத்தில எழுதப்பிடாதுன்னு உமக்குத் தெரியாதா?”

“அவங்க எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போறதில்ல ஐயா.”

“போவாங்க.”

அந்த ஒரு சொல்லை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். பிறகு ஒளிக்காமல் விஷயத்தையும் சொன்னார். பொற்றையை ஆளில்லாத தரிசு என்று காட்டி எஸ்டேட்டுக்குப் பதிந்து கொடுக்க மனு போயிருக்கிறது. ரப்பர் நாற்றுகள் கூடைகூடையாக அடிவாரத்தில் தயாராக இருக்கின்றன. இந்த நேரத்தில் பதினான்கு வீடு, எழுபத்தொரு தலை என்று சர்க்கார் புத்தகத்திலேயே எழுதியிருந்தால் நாளைக்கு யாராவது கேள்வி கேட்பார்கள். “பொற்றையில ஆளில்லேன்னு ஒரு வரி. மத்த ஏடு பதினாலையும் எடுத்துப்போட்டு, புதுசா எழுதிக் கொண்டாரும். எழுத்து உமக்கு நல்லா இருக்கு.”

பிள்ளை குரலைத் தாழ்த்தினார். “எனக்கும் மேல ஆளு உண்டு வேய். எனக்கு மட்டும் ஆசையா? நான் மாட்டேன்னா, என்னை மாத்திப்போட்டு, மாட்டேன்னு சொல்லாதவன் ஒருத்தனைக் கொண்டாந்து வைப்பாங்க. அதுக்கு நானே இருந்துட்டுப் போறேன்.” பிறகு வேறு ஏதோ நினைவு வந்தவர்போல, “உமக்குப் பள்ளிக்கூடத்தில வேலை ஸ்திரமாகல்லேல்லா? பரீட்சை என்னைக்கு?” என்று கேட்டார்.

“சித்திரையில ஐயா.”

“நல்லாப் படியும்.”

‘யோசிச்சுச் சொல்லுதேன் ஐயா’ என்று சொல்லி, திருத்தக் கொடுத்த புத்தகத்தை வாங்கிக்கொண்டு வந்தான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று வாசல் தாண்டியதும் தோன்றியது. முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் திறந்ததும் ‘யோசிச்சு’ என்ற சொல்தான் வந்தது.

வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம் குலசேகரத்தில் பரீட்சைக்கு வகுப்பு நடக்கும். ரசலையனும் அதே பள்ளியின் இன்னொரு வாத்தியாரான சத்தியநேசனும் சேர்ந்தே நடந்து போவார்கள். சத்தியநேசனுக்கு நான்கு வயது மூப்பு, இரண்டு குழந்தைகள். மூன்றாவது முறையாகப் பரீட்சை எழுதுகிறான். ரப்பர் மரங்களுக்கு நடுவே போகும் பாதையில் ரசலையன் நடந்ததைச் சொன்னான்.

“யோசிச்சுச் சொல்லுதேன்னியா? லேய், நீ தும்மணும்னாலும் நோட்டில எழுதிவச்சுட்டுத்தானே தும்முவ” என்று சிரித்தான் சத்தியநேசன். கொஞ்ச தூரம் போனபின் சிரிப்பு இல்லாமல் கேட்டான். “நீ எழுதல்லன்னா அவங்க அங்க இருந்திருவாவளா?”

“அது தெரியாது.”

“எழுதினா நீதான் எறக்குனதா ஆவுமா?”

“ஆவும்.”

“அப்பம் எழுதாத. வேற ஒருத்தன் எழுதுவான்.”

“யாரு?”

“யாராவது எழுதுவான், மக்கா. எழுத ஆளில்லாம எந்த ராச்சியமும் நின்னதில்ல.”

அந்த ஞாயிறு ஓய்வுநாள் பள்ளியில் ரசலையன் நடத்த வேண்டிய பாடம், சவுல் ராஜா நோபு என்ற ஊரின் ஆசாரியர்களைக் கொல்லச் சொன்ன கதை. அவனாகத் தேர்ந்தெடுத்ததல்ல. அச்சிட்ட பாட அட்டவணையில் அந்த வாரத்துக்கு அதுதான் இருந்தது. தப்பி ஓடுகிறவனுக்குப் பசியில் அப்பம் கொடுத்தார்கள் என்பதே குற்றம். ராஜா சுற்றி நின்ற காவல்காரர்களிடம் வெட்டச் சொல்கிறான். அவர்கள் கை நீட்டவில்லை. ராஜா திரும்பி, தோவேக்கு என்பவனிடம் சொல்கிறான். அவன் எண்பத்தைந்து பேரை வெட்டுகிறான்.

சனிக்கிழமை உட்கார்ந்து அந்த அதிகாரத்தை நான்கு தடவை படித்தான். காவல்காரர்களின் பெயர்களைத் தேடினான். இல்லை. வெட்டியவனின் பெயர் இருக்கிறது, சொந்த ஊர் இருக்கிறது. ராஜாவுக்கு முன்னால் கையை இழுத்துக்கொண்டவர்களுக்கு ஒரே ஒரு வரி. அதற்குப் பிறகு அவர்கள் என்ன ஆனார்கள் என்பதும் இல்லை. பாடம் முடிந்தபின் பள்ளிக்கு மேலாளராகவும் இருந்த போதகரிடம் மெல்லப் பேச்சைத் தொடங்கினான். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. கோயில் கூரைக்கு எஸ்டேட் துரை மரம் தருவதாகச் சொல்லியிருக்கிறார் என்பதை ரசலையனும் அறிவான். “அதிகாரத்துக்குக் கீழ்ப்படியச் சொன்னதும் வேதம்தான், தம்பி” என்று அன்பாகச் சொல்லி அவன் தோளில் கை வைத்தார்.

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் நேரே பார்வத்தியக்காரர் வீட்டுக்குப் போனான். சொல்ல வேண்டியதை நோட்டில் எழுதி மனப்பாடம் செய்திருந்தான். அதில் நான்கு வாக்கியம் இருந்தது. அவர் முன்னால் நின்றதும் ஒன்றுதான் வெளியே வந்தது.

“நான் எழுத மாட்டேன் ஐயா.”

பகவதியப்பன் பிள்ளை கோபப்படவில்லை. அதை எதிர்பார்த்தவர்போலத் தலையை ஆட்டினார். “சரி. எழுத வேண்டாம். அந்தப் புத்தகம்? திருத்த வாங்கிட்டுப் போனேரே, அதைத் தாரும்.”

புத்தகம் கைப்பையில் இருந்தது. எடுத்து, அட்டையைத் துடைத்து, இரண்டு கையாலும் கொடுத்தான். சர்க்காருடைய புத்தகம், கேட்டால் கொடுக்க வேண்டியதுதானே. கொடுத்துவிட்டுத் தெருவில் இறங்கியபோது உடம்பு லேசாக இருந்தது. மாட்டேன் என்று சொல்லிவிட்டான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பெரிய மனிதரிடம் சொன்னான். கால்வாய்ப் பாலம்வரை அந்த லேசு நீடித்தது. பாலத்தின் நடுவில் வந்தபோது இரண்டு கையாலும் கொடுத்தது நினைவுக்கு வந்தது. அப்படியே நின்றுவிட்டான். எழுபத்தொரு பெயர்களும் அந்தப் புத்தகத்தில்தான் இருந்தன. வேறு எங்கும் இல்லை.

காவல்காரர்கள் கை நீட்டவில்லை, சரி. தோவேக்கு வாளை உருவியபோது அவர்கள் எங்கே நின்றார்கள்? எண்பத்தைந்து பேரை வெட்ட ஒருவனுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அவ்வளவு நேரமும் பக்கத்தில்தானே நின்றிருப்பார்கள்? தண்ணீர் பாலத்துக்கு அடியில் கலங்கலாக ஓடியது. திரும்பிப் போய்க் கேட்கலாமா என்று நினைத்தான். போகவில்லை.

வெள்ளிக்கிழமை வகுப்புக்குப் போகும் வழியில் சத்தியநேசன் சற்று முன்னாலேயே நடந்தான். ரப்பர்த் தோட்டம் தாண்டும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு முகம் காட்டாமலே, “கணக்கு எனக்க பேருக்கு மாத்தியாச்சு” என்றான்.

“ஏடு?”

“நான் கிழிக்கல்ல. அவருதான் கிழிச்சாரு. அடுப்பில போட்டதும் அவருக்க வேலைக்காரனாக்கும். நான் ஒப்பு மட்டும்தான் போட்டேன்.”

ரசலையன் எட்டி நடந்து அவன் முகத்தைப் பார்த்தான். சத்தியநேசன் கத்தினான். “என்னத்துக்குலே இப்பிடிப் பாக்குற? நீ மாட்டேன்னிட்டு நல்ல மனுசனாப் போயிட்ட. அந்த எளவு எனக்க தலையில வந்து உழுந்து. ஒனக்க மாட்டேனுக்கு நான்லே கூலி குடுக்கியேன்.”

அவன் சொல்வதிலும் நியாயம் இருப்பதாக ரசலையனுக்குப் பட்டது. அதுதான் அவனுடைய வியாதி. எவன் எதைச் சொன்னாலும் அதில் ஒரு நியாயம் தெரியும்.

மறுநாள் பொற்றைக்கு ஏறினான். சொல்லாமல் இருந்தால் அது இன்னொரு புத்தகத்தைக் கொடுப்பது மாதிரி. அடிவாரத்தில் ரப்பர் நாற்றுக் கூடைகள் நூற்றுக்கணக்கில் ஈரச்சாக்கு மூடி அடுக்கியிருந்தன. சரிவில் புதிதாக நட்ட, சுண்ணாம்பு பூசிய எல்லைக் கற்கள் வெள்ளையாகத் தெரிந்தன. மேலே பதினான்கு வாசலிலும் ஓட்டுச்சில்லுகள் தொங்கின. சிலர் அதன்மேல் செம்பருத்திப் பூவைச் செருகியிருந்தார்கள். ஒரு வீட்டில் சிலுவைக்குப் பக்கத்தில், அதே ஆணியில் மாட்டியிருந்தது.

எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னான். தான் மாட்டேன் என்றதையும், புத்தகத்தைக் கொடுத்ததையும், ஏடுகள் அடுப்பில் போனதையும். ஏசுஅடிமை கேட்டார்.

“அப்பம், நாங்க எழுபத்தியொண்ணு பேரும் இல்லியா?”

“புத்தகத்தில இல்ல.”

“எங்களுக்க பேரைக் கேட்டுக் கேட்டு எழுதுனீரே. எனக்க அப்பனுக்க பேரைக்கூடக் கேட்டீரே.”

பூங்கனி தன் வாசலில் தொங்கிய ஐம்பத்தைந்தை ஒரு விரலால் தட்டினாள். அது கயிற்றில் சுற்றித் திரும்பியது. “ஒருத்தரும் கை வைக்கப்படாதுன்னீரு. செரிதான், ஒருத்தரும் வைக்கல்லியே. நம்பரு பத்திரமா இருக்கு. ஆளுதான் இல்ல” என்றாள். யாரோ சிரித்தார்கள். கிறிஸ்துமஸ் சுவரைப் பற்றிச் சிரித்த சிரிப்பு இல்லை அது. வெயிலில் ஒரு மணி நேரம் நின்றான். அன்று யாரும் அவனிடம் வெள்ளம் குடிக்கியளா என்று கேட்கவில்லை.

இறங்கும் வழியில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அப்போதுதான் விதிப்புத்தகத்தின் ஒன்பதாவது பத்தி நினைவுக்கு வந்தது. மாசி மாதம் கணக்கு முடிக்கும் நாளில், வியாழக்கிழமை மாலை ஏழு மணிக்குத் தொடங்கிக் கணக்கெடுப்போர் வீடு வீடாகத் திரும்பவும் வருவார்கள். அந்த நேரத்தில் ஒருவர் எந்த வீட்டில் இருக்கிறாரோ அங்கேதான் அவரை எழுத வேண்டும். வீட்டில் இல்லாதவர் பெயரைச் சிவப்பு மையால் அடிக்க வேண்டும். அவர் வேறு எங்கே இருக்கிறாரோ அங்கே, அதே சிவப்பு மையால் சேர்க்க வேண்டும். ரசலையனின் வீடு பன்னிரண்டாம் எண். அதுவும் பொற்றையும் ஒரே கணக்கில், சத்தியநேசனின் கையில் இருந்தன.

புதன்கிழமை அக்காள் செல்லபாய் முற்றத்தில் உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு இருந்தது அவள் ஒருத்திதான். புருஷன் கொழும்புக்குப் போய்த் திரும்பி வராததால் தம்பியோடு வந்து இருந்தாள். அவன் சொல்லி முடிக்கும்வரை கல்லால் புளியங்கொட்டையைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

“அங்க போய் இருந்து என்ன ஆவப்போவுது?”

“எனக்க பேரை இஞ்ச வெட்டணும். வெட்டினா அங்க எழுதணும். அங்க எழுதணும்னா அங்க ஒரு வீடு வேணும்.”

“எழுதாம உட்டா?”

“நான் எங்கயும் இருக்க மாட்டேன்.”

“ஒனக்க நாற்காலியில நாளைக்கு வேற ஒருத்தன் இருப்பான்.”

“அது நாற்காலி இல்லக்கா, முக்காலி.”

அவள் சிரிக்கவில்லை. கைகளில் புளி அப்பியிருந்தது. “சத்தியநேசன் வந்து கேட்டா நான் என்னத்தச் செல்ல?”

“அவன் பொற்றையிலாக்கும்னு செல்லு. ஐம்பத்தஞ்சாம் நம்பரு வீட்டிலன்னு செல்லு. பெலக்கச் செல்லு, தெருவில நாலு பேருக்குக் கேக்கணும். அது போரும்.”

“கள்ளம் செல்லச் சொன்னா செல்லிருவேன்லே. உள்ளதச் செல்லுயதுக்குத்தான் பயமா இருக்கு.” மறுபடி கல்லை எடுத்தாள். சத்தியநேசன் அந்தப் பெயரை அடிக்காமலே, அவன் வீட்டில் இருப்பதுபோல விட்டுவிட்டுப் போகவும் முடியும். ரசலையனுக்கு அது தெரிந்தே இருந்தது. செல்லபாய்க்கும் தெரிந்திருக்கும். இருவரும் அதைப் பேசவில்லை.

வியாழக்கிழமை பொழுது சாயும் நேரம் ஒரு பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஏறினான். இந்த முறை வந்தது எதற்கென்று யாருக்கும் முதலில் புரியவில்லை. விதியைச் சொன்னான். ஏசுஅடிமை அவன் முகத்தைப் பார்த்தார். “அப்பம் எங்ககூட இல்லாமப் போவதுக்கு வந்தீரா?” என்று கேட்டார். அவன் ஐம்பத்தைந்தாம் வீட்டைக் காட்டி, அங்கே தன்னை எழுத வேண்டும் என்றான்.

“எனக்க வீட்டிலயா எழுதச் சொல்லுதீரு?” என்றாள் பூங்கனி. “கேக்கண்டாமா சாரே? தாலியறுத்தவ வீட்டில பொழுது சாஞ்சு வந்து இருக்க, ஊரு என்ன பறையும்?”

அது அவனுக்குத் தோன்றவே இல்லை. முகம் சூடானது. ஐம்பத்தைந்தைத் தேர்ந்தெடுத்தது அந்தச் சுவரில்தான் எண் அழியாமல் இருந்தது என்பதால். அவள் அவன் தவிப்பைப் பார்த்துவிட்டு, “இரும். முத்தத்தில இரும். எனக்க அத்தையும் இருக்கா. இல்லாத ஊரில யாரு என்ன பறையப் போறா?” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பாயை விரித்து முற்றத்தில் உட்கார்ந்தான். வானத்தில் வளர்பிறை நிலா. ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். யாரும் அவர்களை அப்படி வரச் சொல்லவில்லை. முழுகிவிட்டு, கோயிலுக்குப் போகும் துணியை உடுத்தியிருந்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்குத் தலை சீவியிருந்தது. சிலர் வாசலில் தென்னோலைச் சூட்டுக் கட்டிக் கொளுத்தி, எண் தெரியும்படி பக்கத்தில் ஊன்றினார்கள். அவனுக்கு வாய் வறண்டது. ஏறி வந்த களைப்பு மட்டுமல்ல.

“கொஞ்சம் வெள்ளம் தாருங்க” என்றான்.

பூங்கனி வெளியே வந்து ஒரு கணம் நின்றாள். பிறகு அதே மண்கலயத்தைக் கொண்டுவந்தாள். இந்த முறை தள்ளி நிற்கவில்லை. கையில் கொடுத்தாள். தண்ணீரில் புகை வாசனை இருந்தது. முழுவதையும் குடித்தான்.

கீழே மஞ்சாடிக்கோணம் தெரு தெரிந்தது. ஏழு மணிக்கான கோயில் மணி அடித்ததும் ஒரு ராந்தல் விளக்கு தெருவின் கிழக்கு முனையில் அசைந்தது. ஒவ்வொரு வீடாக நின்று நின்று வந்தது. ரசலையன் எண்ணினான். எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று. பன்னிரண்டில் நின்றது. மற்ற வீடுகளில் நின்றதைவிட அதிக நேரம் நின்றது. அக்காள் பலமாகச் சொல்லியிருப்பாளா? இவ்வளவு தூரத்துக்கு எதுவும் கேட்காது. விளக்கு ஒருமுறை உயர்ந்து தாழ்ந்தது. பிறகு பதின்மூன்றுக்கு நகர்ந்தது. அடித்தானா, அடிக்கவில்லையா என்பதை ஒரு ராந்தலைப் பார்த்து எப்படித் தெரிந்துகொள்ள முடியும்?

நாற்பத்தாறு முடிந்தது. விளக்கு தெருவை விட்டு வெளியே வந்து வயல் வரப்பில் ஆடி ஆடி ஏறி, அடிவாரத்து அயனி மரத்தை நெருங்கியது. அங்கே பாதை இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் போனால் எஸ்டேட்டுக் கூலி லைன். வலப்பக்கம் ஏறினால் பொற்றை. பதினான்கு வாசலிலும் பேச்சு நின்றுவிட்டது. எங்கோ ஒரு கைக்குழந்தை சிணுங்கி, மார்பில் அடங்கியது.

மரத்தடியில் விளக்கு நின்றது. இடப்பக்கமும் போகவில்லை, வலப்பக்கமும் வரவில்லை. பிறகு மெல்லக் கீழே இறங்கி அசைவற்று இருந்தது. சத்தியநேசன் அதைத் தரையில் வைத்துவிட்டான். உட்கார்ந்திருக்க வேண்டும். நாற்றுக் கூடைகளின் ஈரச்சாக்குகள் அந்த வெளிச்சத்தில் வரிசையாகப் பளபளத்தன.

“வருதா?” என்று ஏசுஅடிமை கேட்டார். கண் பார்வை அவருக்கு அவ்வளவு தூரம் எட்டாது.

மலையிலிருந்து காற்று இறங்கியது. சூட்டுகள் படபடத்தன. வாசல்களில் தொங்கிய ஓடுகள் சுவரில் மோதிச் சத்தமிட்டன. பூங்கனி எழுந்து போய், காற்றில் முதுகு காட்டித் திரும்பியிருந்த சில்லை, எண் கீழே பாதையைப் பார்க்கும்படி திருப்பி, மறுபடி திரும்பிவிடாமல் கையால் பிடித்துக்கொண்டு நின்றாள்.